பத்மினிக்குள் நானே விரித்த ஈரச்சாக்கு

வாப்பாவின் பிரீமியர் பத்மினி காரை மறுபடியும் ரோட்டில் ஓட்ட எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. இன்ஜின், கார்புரேட்டர், பிரேக், பெயிண்ட் என்று எதைத் தொட்டாலும் யாராவது வந்து "அப்படிச் செய்யாதீங்க, இப்படிச் செய்ங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கார்பெட் விஷயத்தில் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது கடைசியில் செய்கிற வேலை, மிச்சக் காசில் செய்கிற வேலை, கடையில் ஒரு கலரைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு 36,700 ரூபாயும் ஒன்றரை வருடமும் கொடுத்தேன்.

எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊரான கீழக்கரை. வாப்பாவுக்குச் சங்கு வியாபாரம். வங்காளத்தில் வளையல் அறுப்பதற்காக இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போகுமே, அந்தச் சங்குதான். வண்டி 1985 மாடல். கரையில் சங்கு வாங்கினால் சில நாள் லாரிக்குக் காத்திருக்காமல் டிக்கியிலேயே இரண்டு மூட்டை போட்டுக்கொண்டு வருவார். சாக்கிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். நான் காலேஜ் போகிற காலத்துக்குள் டிக்கியின் அடித்தகட்டைத் துரு தின்று போய், அதன்மேல் ஒரு பலகை போட்டிருந்தோம். ஆனால் காருக்குள் கால் வைக்கும் இடம் மட்டும் கடைசி வரை நன்றாகவே இருந்தது. அங்கே இருந்தது கறுப்பு ரப்பர் மேட். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகுமுன் அந்த மேட்டை எல்லாம் வெளியே இழுத்துச் சுவரில் சாய்த்துவைப்பது என் வேலை, காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, வண்டி துடைக்கிற வேலை. சுத்தத்துக்காகச் செய்யச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேல்தான் அது வேறு விஷயம் என்று புரிந்தது.

2011-இல் வாப்பா மவுத்தானபிறகு வண்டி பின்பக்கக் கொட்டகையில் நின்றுவிட்டது. கடலுக்கும் அந்தக் கொட்டகைக்கும் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. 2022 ஜூனில் வேலையை ஆரம்பித்தேன். பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். அதாவது தரைத்தகடு ஓட்டையானால் அது வெறும் ஓட்டை இல்லை, வண்டியின் எலும்பு போனதாக அர்த்தம். இதை ராமநாதபுரத்து டிங்கர் அண்ணன் முதல் நாளே சொன்னார். டிக்கித் தகட்டை மாற்றினார், முன் தரையில் இரண்டு சின்ன ஒட்டுப் போட்டார், துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தார். அதற்குமேல் தரையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கிரீம் கலர் ரெக்சினில் சீட் தைத்து வந்ததும் மனசு பறந்தது. அடுத்து கார்பெட்.

இப்போது முதல் தவறு. செல்போனில் படம் பார்த்து வாங்கினேன். ஒயின் சிவப்பு, வெல்வெட் மாதிரி மெத்தென்று இழை வெட்டிய கட் பைல் வகை. வடக்கே ஒரு ஊரிலிருந்து கூரியரோடு சேர்த்து 11,200 ரூபாய். சாம்பிள் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பார்சலைப் பிரித்தபோது வீட்டில் எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்று என் மனைவி சொன்னாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் ஒரு குஷன் ஒர்க்ஸில் வேலையைக் கொடுத்தேன். அடியில் சத்தம் வராமலிருக்க, சூடு ஏறாமலிருக்க ஃபெல்ட் போட வேண்டும் என்றார்கள். சரி என்றேன். வந்தது சணல் ஃபெல்ட், 12 மி.மீ. கனம், 1,600 ரூபாய். அதைத் தகட்டின்மேல் ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டி, அதன்மேல் கார்பெட்டையும் ஒட்டி, வாசற்படி ஓரத்தில் பட்டி வைத்து ஸ்க்ரூ அடித்தார்கள். கூலி 5,000. ஆக 17,800. 2023 பிப்ரவரி மாதம். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். மதுரையில் ஓடுகிற வண்டிக்கு அது போதும். கடற்கரையில் நிற்கிற வண்டி என்று நான் சொல்லியிருக்க வேண்டும், அவர் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

திரும்பி வரும்போது மானாமதுரை தாண்டியதும் ஒரு லாரியை முந்தப் பார்த்தேன். வண்டி இழுக்கவே இல்லை. கார்புரேட்டர்தான் என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் ஆக்சிலரேட்டர் பெடல் கார்பெட்டில் முட்டி நிற்கிறது. ஃபெல்ட் 12, கார்பெட் 10, ஆக 22 மி.மீ. தரை உயர்ந்திருக்கிறது. பெடல் முழுதாக இறங்க இடமில்லை. இழுக்காமல் போனதோடு தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மெத்தென்ற இழையில் பெடல் ஓரம் சிக்கி, காலை எடுத்தும் மேலே வராமல் நின்றிருந்தால் நிலைமை வேறு. யார் கார்பெட் மாற்றினாலும் முதலில் இதைப் பாருங்கள்: இன்ஜினை அணைத்துவிட்டு மூன்று பெடலையும் கையால் அடி வரை அழுத்தி விடுங்கள், தடையில்லாமல் இறங்கி, தானாக மேலே வர வேண்டும். அதற்கு முன்னால் வண்டியை எடுக்காதீர்கள். நான் பிளேடால் பெடலுக்குக் கீழே ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். புது கார்பெட்டில் முதல் வெட்டு. வயிறு எரிந்தது.

கோடை முழுதும் ஒன்றும் தெரியவில்லை. அக்டோபரில் மழை ஆரம்பித்தது. முதலில் ஒரு வாடை. நனைந்த சாக்கு வாடை. எனக்குத் தெரியாத வாடையா அது? சின்ன வயதில் அந்த வாடையில்தான் ஸ்கூலுக்குப் போனேன். ஆனாலும் பழைய டிக்கியின் வாடை இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு டாஷ்போர்டில் வாசனை பாட்டில் ஒன்றை வைத்தேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சாக்கு எது? சணல். ஃபெல்ட் எது? சணல். வாப்பா டிக்கியில் இரண்டு ஈரச்சாக்குதான் போட்டார். நான் வண்டி முழுதும் விரித்து, மேலே மூடி, பசை போட்டு ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

நவம்பரில் கார்பெட் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அழுக்கு என்று நினைத்து அடுத்த தவறைச் செய்தேன். வீட்டு போர் தண்ணீரை பைப்பில் பிடித்து, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரை எதிர்பார்த்தோ குடம் கணக்கில் விலைக்கு வாங்கியோதான் காலம் தள்ளுகிறோம். உப்பை எடுக்க உப்புத் தண்ணீரால் கழுவியிருக்கிறேன். மூன்று நாள் வெயிலில் கதவைத் திறந்துவைத்தேன். கைவைத்தால் காய்ந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலை மறுபடி பிசுபிசுப்பு.

ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அடுக்களையில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதல்லவா, அதே கதை. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 33 சதவீதம் போதும். நம் கரையில் காற்று அவ்வளவு வறண்டு எந்த நாளில் இருக்கிறது? ஆகவே உப்பு ஏறின ஃபெல்ட் மழையே இல்லாவிட்டாலும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டு தகட்டின்மேல் படுத்திருக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் துருவும் வேகமாக ஓடும். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடல் காற்றில் உலோகம் அரிப்பதை ஆராய மண்டபம் என்ற கடற்கரை ஊரில் தனியாக ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் சும்மாவா? அவர்கள் சோதனைக்காகத் தகட்டை வைக்கிறார்கள். நான் என் காரையே வைத்துவிட்டேன்.

2024 ஜனவரியில், மழை ஓய்ந்ததும், டிரைவர் பக்கத்து கார்பெட் ஓரத்தைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். பசை சில இடத்தில் விட்டிருந்தது, சில இடத்தில் பெயிண்டையும் உரித்துக்கொண்டு வந்தது. அதுவும் ஒரு பாடம்: பசை பிடித்த இடத்தில் பிரைமரோடு கழன்றுவிடுகிறது, பிடிக்காத இடத்தில் தண்ணீர் தங்குகிறது. ஃபெல்ட் கறுத்துப்போய், பிழிந்தால் சொட்டும்போல் இருந்தது. கீழே தகடு ஆரஞ்சு நிறத்தில் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை. உம்மாவிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று இருந்தேன். ஆனால் வாடையிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "வாப்பா மேட்டை எடுத்துக் காயவைக்கச் சொல்லுவாங்கல்ல" என்று மட்டும் சொன்னார்கள்.

டிங்கர் அண்ணன் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு கண்டுபிடிக்காம நான் வெல்டிங் மிஷினை எடுக்க மாட்டேன் பாய்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு 13,500 ரூபாய் கொடுக்கலாம். கொடுத்தேன்.

தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடித்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கார்பெட் எதுவானாலும் இது முதலில் வர வேண்டியது. சீட்டைக் கழற்றி, தரையை வெறுமையாக்கி, பழைய செய்தித்தாளை உள்ளே முழுதும் பரப்பினோம். பிறகு ஒரு பையன் வெளியே பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் விட்டான். ஒரே நேரத்தில் வண்டி முழுதும் ஊற்றினால் ஒன்றும் தெரியாது. முதலில் கதவு, பிறகு கண்ணாடி ஓரம், பிறகு பானட்டுக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துவாரம் என்று ஐந்து ஐந்து நிமிடம். உள்ளே நான் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் ஒரு மூலையில் கசிந்தது, அதை எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது கதவு. கார் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாக உள்ளே போய், கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் தண்ணீர் உள்பக்கம் வராமலிருக்க கதவு அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். புது ரெக்சின் அட்டை போட்டபோது அந்த ஷீட்டைக் கிழித்து வீசியிருக்கிறார்கள். அடி ஓட்டைகள் பெயிண்டால் அடைத்திருந்தன. ஆக, ஒவ்வொரு மழைக்கும் நான்கு கதவும் நேராக கார்பெட்டில் வடிந்திருக்கின்றன. இருநூறு ரூபாய் பிளாஸ்டிக் ஷீட்டில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். கதவு அட்டை கழற்றுகிற யாரிடமும் "உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை அப்படியே திருப்பி ஒட்டுங்க" என்று நின்று பார்த்துச் சொல்லுங்கள்.

வெல்டிங் முடிந்து, ஒட்டுப்போட்ட ஓரங்களுக்கு சீலர் பூசி, எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டிங். அது 3,200. ரெட் ஆக்சைடு போதாது என்று இந்தமுறை நானே பிடிவாதமாக இருந்தேன். அது ஈரத்தைத் தன் வழியே விடும், மேலே வேறு பெயிண்ட் இல்லாவிட்டால் கடற்கரையில் நிற்காது.

அதற்குள் பொறுமை போய்விட்டது. ராமநாதபுரத்தில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் லேமினேஷன் மேட்டிங் என்று ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொடுத்தார்கள், 2,200 ரூபாய். தண்ணீர் இறங்கவே இறங்காது என்றார்கள். உண்மைதான், மேலிருந்து இறங்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. மேலே இறங்காத தண்ணீர் கீழிருந்து ஏறவும் ஏறாது. புது பிரைமர் இருந்ததால் தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் எடுத்து வீட்டு வாசலில் மிதியடியாகப் போட்டேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் புத்தி வந்தது என்று சொல்ல வேண்டும். கார்பெட் எவ்வளவு அழகு, எவ்வளவு கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இதைக் கழற்றிக் காயவைக்க முடியுமா என்பதுதான். வெள்ளிக்கிழமை மேட் மாதிரி.

பிறகு சாம்பிள் வேட்டை. சென்னைக்கும் கோவைக்கும் போன் போட்டு, கூரியர் காசு நானே தருகிறேன் என்று சொல்லி உள்ளங்கை அளவுத் துண்டுகள் ஐந்து வாங்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையும் படித்தேன். அதில் பாதி நமக்கு ஆகாது. அங்கே பல பழைய மாடல்களுக்குத் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அச்சில் வார்த்த கார்பெட் கிடைக்கிறது, பிரிட்டிஷ் ஆடம்பரக் கார்களுக்குக் வில்டன் என்ற நெய்த கம்பளிக் கார்பெட்தான் மரியாதை என்கிறார்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கக்கூடியது. குளிர்தேசத்து கராஜில் அது சரி. கீழக்கரையில் கம்பளி விரிப்பது ஆட்டை நனைத்து வண்டிக்குள் கட்டிவைப்பது மாதிரி.

சாம்பிள் எதனால் ஆனது என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். "நைலான் சார்" என்றுதான் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். நாலு இழையைக் கத்தரித்து, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். சோப்பு எதற்கென்றால், காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றாமலிருக்க. மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், அது தண்ணீரைவிட லேசு. நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். நைலான் என்று எனக்கு வந்த ஐந்தில் மூன்று மிதந்தன. கம்பளியா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்தினால் போதும், முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் நசுங்கும். மற்றவை உருகிக் கட்டியாகும்.

மிதப்பது மட்டம் என்று நினைக்காதீர்கள். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரையே குடிக்காது, அதனால் சீக்கிரம் காயும். ஆனால் மிதிபடும் இடத்தில் அமுங்கினால் எழும்பாது. 160 டிகிரிக்கு மேல் உருகவும் ஆரம்பிக்கும். அதனால் எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே வரும் இடத்தில் கவனம் வேண்டும். நைலான் கொஞ்சம் ஈரம் எடுக்கும், ஆனால் மிதிக்கு அதுதான் உழைக்கும், சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். இழையைவிட முக்கியம் முதுகுப்பக்கம். திருப்பிப் பாருங்கள். சணல் வலை ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம். வீட்டு கார்பெட்களில் இது வரும். விரலால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும் ரப்பர் பூச்சு இருந்தால் அதுவும் வேண்டாம், நம் வெயிலில் சீக்கிரம் பொடியாகிவிடும்.

ஐந்து துண்டையும் கடல் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, திண்ணையில் நிழலில் கம்பியில் மாட்டினேன். தெருவில் போகிறவர்களுக்கு ஒரே வேடிக்கை, என்ன கருவாடு என்று கேட்டார்கள். அடுக்களைத் தராசில் தினமும் எடை பார்த்தேன். இழை வெட்டிய மெத்தென்ற வகை இரண்டும் நான்காம் நாளும் கனமாகவே இருந்தன. அழுத்தமான, இழை எழும்பாத நீடில் பஞ்ச் வகை இரண்டாம் நாளே லேசானது. இழையை வெட்டாமல் வளையமாகவே விட்ட, நெருக்கமான குட்டை லூப் நைலான் மூன்றாம் நாள். அப்புறம் எல்லாவற்றையும் மழைக்குப் பிடித்துவைத்த தண்ணீரில் அலசினேன். உப்பு போனபிறகு எல்லாமே ஒழுங்காகக் காய்ந்தன. மழைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ தவிர வேறு எதையும் கார்பெட்டில் ஊற்றுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கொல்லையில் ஒரு டிரம் அதற்கென்றே நிற்கிறது.

கடைசியில் எடுத்தது குட்டை லூப் நைலான், நடுத்தரச் சாம்பல் நிறம். நீடில் பஞ்ச் இன்னும் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் பத்மினிக்குள் அது ஆபீஸ் தரை மாதிரி இருந்தது, கிரீம் சீட்டுக்குக் கீழே பார்க்கச் சகிக்கவில்லை. அழகையும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும், இத்தனை பாடுபட்டது எதற்கு? கறுப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. கறுப்பில் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, மணலும் உப்பும் மட்டும் தெரியும். சாம்பலில் ஒரு சொட்டு நனைந்தாலும் அந்த இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். இரண்டு மீட்டர் அகல ரோலில் மூன்றரை மீட்டர், 4,550 ரூபாய். அதில் அரை மீட்டர் மிஞ்சியது. மிஞ்சும்படியே வாங்குங்கள், அதே சாயத்தில் அடுத்த வருடம் கிடைக்காது. அடியில் சணலுக்குப் பதில், தண்ணீர் புகாத மூடிய கண்ணறை ஃபோம் 5 மி.மீ., அதையும் ஒட்டவில்லை, சும்மா வெட்டி வைத்தது. 2,800.

தைக்கிற வேலைக்கு மதுரை போகவில்லை. ஊரிலேயே படகுக்கு தார்பாய் தைக்கிற ஒருவரிடம் கொடுத்தேன். கார் வேலை தெரியாது என்று முதலில் மறுத்தார். உப்புக்கு எது நிற்கும் என்று அவருக்குத் தெரிந்தது எந்தக் குஷன் கடைக்கும் தெரியாது. பருத்தி நூலைத் தொடாதே, மக்கிவிடும், பாலியஸ்டர் நூல்தான் என்றார். அழுத்தி மாட்டுகிற இரும்பு டிச் பட்டனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைப் பட்டன் கொண்டுவரச் சொன்னார். நான் செய்தித்தாளை ஒட்டி ஒட்டித் தரைக்கு அளவு வெட்டிக் கொடுத்தேன். ஒரே துண்டாக வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடு மேட்டுக்கு ஒன்று. பத்மினியில் கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் நடு மேட்டில் ஓட்டை போடுகிற வேலை மிச்சம். ஓரமெல்லாம் ரெக்சின் பட்டி. தையல் 3,500, பட்டன் 900.

இரண்டு விஷயம் அவரிடம் கற்றேன். ஒன்று, எல்லாத் துண்டையும் ரோலில் ஒரே திசை பார்த்து வெட்ட வேண்டும். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு துண்டைக் குறுக்கே வெட்டினால், காரில் போட்டதும் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். அளவுக் காகிதத்தில் முன்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டுவிடுங்கள். இரண்டாவது, சீட் போல்ட்டுக்கு ஓட்டை போட டிரில் மிஷினைக் கார்பெட்டில் வைக்கவே கூடாது. பிட்டு ஓர் இழையைச் சுற்றிக்கொண்டால் லூப் முழுதும் கோடு போட்டாற்போல் உருவிக்கொண்டு வந்துவிடும். அவர் ஒரு கம்பியைச் சூடுபடுத்தி அழுத்தினார், ஓட்டையும் ஆனது, ஓரமும் உருகி அடைத்துக்கொண்டது. செயற்கை இழைக்கு மட்டும்தான் இது, வண்டிக்கு வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும்.

2024 ஆகஸ்டில் வேலை முடிந்தது. மொத்தம் 11,750. முதல்முறையே இதைச் செய்திருந்தால், என்று கணக்குப் போட்டுப் போட்டு இப்போது விட்டுவிட்டேன்.

அந்த நவம்பர் 20-ஆம் தேதி தங்கச்சிமடத்தில் ஒரு நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். ராமேஸ்வரம் தீவில் அன்றைக்குப் பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் மட்டும் 40 சென்டிமீட்டரைத் தாண்டியது. தெருவில் நின்ற வண்டிக்குள் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஏறிவிட்டது, கதவைத் திறந்தால் என் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. பயம் வந்ததா என்றால் இன்ஜினுக்குத்தான் வந்தது. தண்ணீர் வடிந்ததும் டிச் பட்டனை டப் டப்பென்று கழற்றி, ஐந்து துண்டையும் ஃபோமையும் நண்பர் வீட்டு மாடிக்கு எடுத்துப்போனோம். தரையில் இருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கி மிச்சத் தண்ணீரை வெளியே விட்டு, துணியால் துடைத்தோம். அவர் வீட்டில் பாத்திரங்களில் பிடித்திருந்த மழைத் தண்ணீராலேயே கார்பெட்டை அலசினோம். வெறும் தகட்டில் கால்வைத்து ஊருக்கு ஓட்டிவந்தேன். மூன்றாம் நாள் காய்ந்த கார்பெட்டைத் திருப்பி மாட்டும்போது தகட்டைக் குனிந்து பார்த்தேன், பிரைமர் அப்படியே இருந்தது.

டிக்கிக்கு இன்னும் ஒன்றும் போடவில்லை. மிஞ்சின அரை மீட்டரைப் போடலாம் என்று காக்கா துபாயிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். வெறும் பெயிண்ட்தான் நல்லது என்று இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மேட் எடுத்துச் சாய்க்கிற வேலை இப்போது என் பையனுக்கு, ஐந்து துண்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்கிறான்.